மாப்பிள்ளைக்கு ஊற்றிய ரசம்

கவாத்து முடிந்த திராட்சைத் தோட்டம் மொட்டையடித்த தலை மாதிரி இருக்கும். போன வாரம் வரைக்கும் நிழல் ஓடிய இடத்தில் கம்பியும் குச்சியும் வெயிலும் மட்டும் நிற்கும். வெட்டிவிட்ட கொடி தன் இஷ்டத்துக்குத் தூங்கும். கணுவில் துளிர் விடும் மொட்டுக்குக் கண் என்று பெயர். ஒரு கண் நாளைக்கே விழிக்கும், ஒரு கண் பத்து நாள் கழித்து விழிக்கும், இன்னொன்று விழிக்கவே விழிக்காது. எல்லாக் கண்ணும் ஒன்றுபோல உடைந்தால்தான் குலை ஒன்றுபோல இறங்கும். அதனால் கம்பம் பள்ளத்தாக்கில் என்னைப் போன்ற அவசரக்காரர்கள், வெட்டின இரண்டு நாளுக்குள் ஒரு மருந்தைக் கலந்து, எதற்குத் தடவினோம் எதற்குத் தடவவில்லை என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயமும் சேர்த்து, கண் கண்ணாகத் தொட்டுத் தடவிவிடுவோம். தூங்குகிறதை உலுக்கி எழுப்புகிற மருந்து அது.

அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. மருந்துக்கடைக்காரர் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "தடவுற ஆளு ஒரு வாரத்துக்குத் தண்ணி தொடக்கூடாது, பாத்துக்கங்க." மருந்தும் சாராயமும் ஓர் உடம்புக்குள் சந்தித்தால் நெஞ்சு தெறித்து ஓடும், முகம் மிளகாயாகும், ஆள் விழுவான். தடவின கையைக் கழுவிவிடலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போனதைக் கழுவ முடியாது.

அதே விதியை ஒரு வருஷம் நான் என் தோட்டத்து வேலையாளிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் மனிதர் பந்தல் கல்லில் சாய்ந்து கிடக்கிறார். உதடு வெடித்திருக்கிறது. குடத்தைச் சாய்த்து வாயில் ஊற்றப் போனால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

"வேணாண்ணே. தண்ணி தொடக்கூடாதுன்னு சொன்னீகள்ல."

"ஏலே, அது அந்தத் தண்ணிய்யா!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வாரம் எப்பிடித் தாங்கப் போறோம்னுதான் காலைலருந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், பல வருஷம் சிரித்தேன், கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்த எச்சரிக்கை குடிக்கிறவர்களின் பாஷையில் இருக்கிறது, குடிக்காதவனிடம் அது போய்ச் சேராது என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை. சிரிப்பு ஓய்ந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

என் தங்கைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒன்றாம் வகுப்பு டீச்சர். முதல் கல்யாணம் பதினான்கு மாதம் நீடித்தது. குமுளி மலைப்பாதையில் ஜீப் உருண்டதில் அவள் புருஷன் போய்விட்டார். ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். டிரைவர் தன் இருக்கையிலும் ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டு, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டியிருக்கிறார். மழை வேறு. இதில் எதைப் பற்றியும் ஊர் பேசவில்லை. என் தங்கையின் காலடியைப் பற்றிப் பேசியது. "ராசி" என்கிற இரண்டெழுத்தை அவள் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விட்டது. நாங்கள் மூன்று நான்கு தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். ராசி பார்க்கக் கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார், எல்லாரும் ஆமென் சொல்வோம். சொல்லிவிட்டு ஞானஸ்நான வீட்டிலும் பூப்பு வீட்டிலும் அவளைப் பின்வரிசையில் உட்கார வைப்போம்.

அவள் அதை ஒரு தடவைகூடப் புகாராகச் சொன்னதில்லை. "இங்கனதாண்ணே ஃபேன் காத்து நல்லா வருது" என்பாள்.

எட்டு வருஷம் ஃபேன் காற்று வாங்கியபிறகு கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் வந்தார். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவர், இரண்டு ஏக்கர் திராட்சை. அப்பா குடித்துக் குடித்துச் செத்தவர் என்பதால் இவர் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை. கல்யாண விருந்தில் பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று கேள்விப்பட்டேன். அவரை வளர்த்தது அவருடைய அக்கா. அந்த அக்காவுக்குத்தான் பயம். அக்காவுக்கும் என் தங்கையைப் பிடித்திருந்தது, படிப்பு பிடித்திருந்தது, பேச்சு பிடித்திருந்தது. ஆனாலும் நிச்சயத்துக்கு முன் மூன்று கோயிலுக்குப் போய் மூன்று சாமியார்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தாராம்: "என் தம்பி உசுருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சாமி?"

எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் முடிய வேண்டும். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது. வந்தால் அது தும்மலாக இருக்காது.

சாம்பல் புதன் வருவதற்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு தவக்காலம், கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் தேதியை நெருக்கிப் பிடித்தோம். மாப்பிள்ளை அதற்கு முன்பே கவாத்துக்கு நாள் குறித்திருந்தார். வெட்டுகிற ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போனார்கள். தடவ வேண்டிய பெண்கள் மிளகு பறிக்க ஜீப் ஏறிக் கேரளாவுக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கெடுவில் இரண்டு ஏக்கர். புது மாப்பிள்ளை தானே இறங்கி, கையுறை கிழிந்தபிறகும் விடாமல், முழுசையும் தடவி முடித்துவிட்டு, மறுநாள் ஒரு நாள் மட்டும் தூங்கி எழுந்து கோயிலுக்கு வந்துவிட்டார்.

நான் என் பங்குக்கு ரசம் போட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அதை ஒயின் என்று சொல்வதில்லை. கோயில் வாசகங்களில் திராட்சை ரசம் என்று வரும். அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ரசம் என்றோம். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் போடுவது. பன்னீர் திராட்சையைக் காம்பு ஆய்ந்து, சீனி சேர்த்து, பட்டையும் கிராம்பும் ஒரு கைப்பிடி கோதுமையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி நாற்பது நாள் வைப்பேன். தினமும் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறும்போது ஜாடிக்குள் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும், தூரத்தில் மழை வருவது போல. அந்த நாற்பது நாளும் என் வீட்டில் ரசம் என்றால் அதுதான். சோற்றுக்கு ஊற்றுகிறதுக்கு "மிளகுத்தண்ணி" என்று பெயர் மாற்றிவிட்டோம். இந்த விவரம் பின்னால் எங்களைக் கொல்லப் பார்த்தது.

காலைப் பூசையில் தாலி கட்டி முடிந்து, கோயிலை ஒட்டின மண்டபத்துக்கு வந்தோம். மாப்பிள்ளையின் விரல் நுனியெல்லாம், நகக்கண்ணெல்லாம் சிவப்பு. என் மனைவியின் தோழிகள் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னாத்தா இது, பொண்ணு கைல இல்லாத மருதாணி மாப்ள கைல இருக்கு!"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு அது மருதாணி இல்லை என்று தெரியும். நானும் அதே சாயத்தை வருஷம் இரண்டு தடவை நகத்தில் சுமப்பவன். பக்கத்தில் போய், தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனிடம் பேசுகிற பெருமையோடு, "எப்ப மாப்ளே தடவுனீக?" என்று கேட்டேன்.

"முந்தாநாள் சாயந்தரந்தான் மச்சான் முடிஞ்சது."

"பூராமா?"

"பூராம்."

அவர் தோளில் தட்டிக்கொடுத்தேன். இப்படியொரு உழைப்பாளி என் தங்கைக்குக் கிடைத்தாரே என்று கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு போய் ஜாடியைத் திறந்தேன்.

கேக் வெட்டினார்கள். கண்ணாடி டம்ளர்களில் ரசத்தை ஊற்றி வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். முதல் டம்ளரை மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

"வேணாம் மச்சான். நான் இதெல்லாம் தொடுறதில்லைல்ல."

"எதெல்லாம் மாப்ளே? இது ரசம்."

"இல்ல மச்சான், மருந்து வேற தடவிருக்கேன். ஒரு வாரத்துக்குத் தண்ணி ஆகாதுன்னு கடைல சொன்னாக."

அவர் சொன்னார். அவராகவே சொன்னார். அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சொல்கூட மங்கலாக இல்லை.

"அது தண்ணிக்கு மாப்ளே," என்றேன். "பிராந்தி, சாராயம், அந்தக் கழுதைகளுக்கு. இது நம்ம தோட்டத்துப் பழம். பூசையில சாமியார் குடிக்கலையா? அவரு என்ன குடிகாரரா?"

மாப்பிள்ளை சாமியாரைப் பார்த்தார். சாமியார் என்ன பேச்சு என்று தெரியாமல் தன் டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை நியாயத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். மடமடவென்று, மோர் குடிக்கிற மாதிரி குடித்துவிட்டார்.

"நல்லா இனிப்பா இருக்கு மச்சான்."

அதைவிட ஒரு பாராட்டு உண்டா? இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.

முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. மாலைக்கு மேலே தெரிந்த அந்தக் கழுத்து, கொடியில் காய் நிறம் மாறுவது போல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. "ஏய், மாப்ள வெக்கப்படுறாருடோய்!" என்று யாரோ கத்த, மண்டபமே ஓவென்று சிரித்தது. போட்டோ எடுக்கிறவர், "அப்பிடியே இருங்க சார், கலர் நல்லா வருது" என்று கிட்டே வந்து நாலைந்து எடுத்தார். அந்தப் படங்கள் இப்போதும் ஆல்பத்தில் இருக்கின்றன. மெல்ல மெல்லச் சாகிற ஒரு மனிதரை இவ்வளவு சந்தோஷமாக யாரும் படம் பிடித்திருக்க மாட்டார்கள்.

என் தங்கை என் பக்கமாகச் சாய்ந்தாள். "அண்ணே, இவுக கை இந்தச் சூடு சுடுது."

"புது மாப்பிள்ளை கை சுடாம சில்லுன்னா இருக்கும்?" என்றேன்.

அந்த வார்த்தையின் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் எழுந்தார், நெஞ்சைப் பிடித்தார், எதையோ தேடுவது போல மேஜையைப் பார்த்தார், கேக்கின் மேலேயே விழுந்தார்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்த மண்டபத்தில் நடந்ததை நினைத்தால், மனிதர்கள் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம் என்று தோன்றுகிறது. வலிப்பு என்று முடிவு செய்து ஒருவர் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடினார். இன்னொருவர் இரும்பு போதாது என்று தன் பைக் சாவியையும் சேர்த்தார். ஒருவர் முகத்தில் சோடா அடித்தார். ஒருவர் நெற்றியில் அப்பியிருந்த கிரீமைத் துடைக்க, இன்னொருவர் அந்த இடத்தில் தீர்த்தம் தெளித்தார். சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சின்னம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாடி பிடித்துப் பார்த்து, "காலைலருந்து வெறும் வயிறு, பித்தம் ஏறிருக்கு. சூடா கொஞ்சம் ரசம் குடுங்க, தெளிஞ்சிரும்" என்றார்.

சின்னம்மா சொன்னது அடுப்பில் கொதிக்கிற மிளகு ரசத்தை. அவர் எங்கள் வீட்டில் இருப்பவர் இல்லை. என் மனைவி எங்கள் வீட்டில் இருப்பவள். அவள் ஓடினாள், ஜாடியைச் சாய்த்தாள், ஒரு டம்ளர் நிறைய மொண்டுகொண்டு வந்தாள், மாப்பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்து உதட்டருகே கொண்டு போனாள்.

அப்போதுதான் வாசனை அடித்தது. நாற்பது நாள் நான் குனிந்து குனிந்து முகர்ந்த வாசனை. இனிப்புக்கு அடியில் இருந்த காட்டத்தை முதல் தடவையாக மூக்கு தனியாகப் பிரித்து எடுத்தது. மருந்துக்கடைக்காரரின் முகம் வந்தது. பந்தல் கல்லில் சாய்ந்து கிடந்த வேலையாள் வந்தார். டம்ளரைத் தட்டிவிட்டேன். ரசம் பறந்து போய் என் தங்கையின் சந்தன நிறச் சேலையில் விழுந்து, மார்பிலிருந்து மடி வரைக்கும் சிவப்பாக இறங்கியது.

மாப்பிள்ளையின் அக்கா அதைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் தம்பிக்கு என்னத்தக் குடுத்தீக?"

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்ததும் உண்மை. "ஒண்ணுமில்ல மதினி" என்றுதான் வெளியே வந்தது.

ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும் அங்கே ஒரு வெற்றிடம் உண்டானது. அதில் ஊர் தன் பழைய சொல்லைக் கொண்டுவந்து வைத்தது. முதலில் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு. "ஏற்கெனவே ஒருத்தன்..." "பதினாலு மாசமாச்சும் தாங்குச்சு அது..." பிறகு மதினியே என் தங்கையிடம் திரும்பி, திட்டுகிற குரலில் இல்லை, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"எல்லாரும் சொன்னாகளே ஆத்தா. நாந்தான் கேக்கல. ஒரு மணி நேரம் ஆகலையே ஆத்தா."

அதுவரைக்கும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தவள் விட்டுவிட்டாள்.

காரில் ஏற்றினோம். வாசலை மறித்து ஒரு பைக் நின்றது. பைக்கின் சொந்தக்காரர் சட்டைப்பையைத் தடவுகிறார், பேன்ட் பையைத் தடவுகிறார், கூட்டத்தைப் பார்த்து "சாவி, சாவி" என்று கத்துகிறார். கடைசியில் அது மாப்பிள்ளையின் மூடிய கைக்குள் இருப்பது நினைவுக்கு வந்து, காருக்குள் தலையை விட்டு, மயங்கிக் கிடக்கிறவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "தேங்க்ஸ் மாப்ளே" என்றார்.

கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம். நான் முன்சீட்டில். பின்னால் அக்காவின் மடியில் தலை, என் தங்கையின் மடியில் கால். வழியில் ஒரு தடவை அவருக்கு நினைவு வந்தது. "நெஞ்சு வெளிய வந்துரும் போல இருக்கு மச்சான்" என்றார். என்னைத்தான் கூப்பிட்டார். நான் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். இருபக்கமும் பந்தல்கள், வெட்டினவை, துளிர்த்தவை, காய்த்தவை. சொன்னால் கொலைகாரன். சொல்லாவிட்டால்? அதை முடிக்க என்னால் முடியவில்லை.

டூட்டி டாக்டர் வெளியூர்ப் பெண், சின்ன வயசு. நாடியும் பிரஷரும் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குடிச்சிருக்காரா?"

"என் தம்பியா?" மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பன் குடிச்சுச் செத்தவரு டாக்டர். இவன் மோந்துகூடப் பாக்க மாட்டான். எங்க ஊர்ல வந்து கேளுங்க."

"அப்ப கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ரசம்" என்றேன்.

"என்ன ரசம்? சாப்பாட்டு ரசமா?"

ஒரு நொடி. ஆமாம் என்று சொல்லிவிடலாம். எந்தச் சொல் அவரை வீழ்த்தியதோ அதுவே எனக்கு ஒளிந்துகொள்ளக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பொய்கூட இல்லை அது. திரும்பிப் பார்த்தேன். என் தங்கை வார்டுக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உள்ள வா" என்றேன்.

"வேணாண்ணே. நான் கிட்டக்க வந்தா..." என்றாள்.

அவளும் நம்பிவிட்டாள். எட்டு வருஷம் சிரித்துக்கொண்டே பின்வரிசையில் உட்கார்ந்தவள், என் ஒரு "ஒண்ணுமில்ல"வில் நம்பிவிட்டாள்.

"ஒயின் டாக்டர்," என்றேன். "நான் போட்டது. ரெண்டு டம்ளர். முந்தாநாள் வரைக்கும் திராட்சைக்கு மருந்து தடவிருக்காரு. தடவினா சாராயம் ஆகாது. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் குடிக்க வச்சேன்." மருந்தின் பெயரையும் சொன்னேன்.

டாக்டர் போனில் எதையோ தேடிப் படித்தார். நர்ஸிடம் சலைன் மாட்டச் சொன்னார், கால் பக்கம் கட்டிலை உயர்த்தச் சொன்னார். பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு இந்த மருந்தைப் பத்தித் தெரியுமா?"

"தெரியும் டாக்டர். நானும் தடவுறவன்தான்."

"ஒயின்ல என்ன இருக்கும்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம்?"

தெரிந்த இரண்டு விஷயங்கள் ஒரே தலைக்குள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்துகொண்டு, ஒரு நாள்கூட ஒன்றை ஒன்று பார்க்காமல் இருந்தன. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். சொற்களை நேசிக்கிறவன் என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு.

வெளியே வந்து, மதினியிடமும் தங்கையிடமும் முழுசாகச் சொன்னேன். மருந்து, விதி, அவர் மறுத்தது, நான் சாமியாரைக் காட்டினது, இரண்டாவது டம்ளர், எதையும் விடவில்லை.

முதலில் என் தங்கைதான் பேசினாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவாண்ணே? நெசமா நீதானா?"

அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்ததில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவள் மறுபடி மறுபடி சீட்டை நீட்டிக் கேட்கிற மாதிரி.

"நான்தாம்மா. சத்தியமா நான்தான்."

மதினி எழுந்தார். தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றினார். அந்தப் பைக்குள் என்ன இருந்ததோ, நல்ல கனம். முதுகில் மூன்று அடி, தலையில் ஒன்று. "கூறுகெட்ட மனுசா! உன் மூளைய எங்கய்யா அடகு வச்ச? சாமியார் குடிக்கலையான்னா கேட்ட? சாமியாரு மருந்தா தடவிட்டு வந்தாரு?" அடித்துவிட்டு மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அழுதார். அழுகை நடுவே எப்போது திரும்பியது என்று தெரியவில்லை, தோள் குலுங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தங்கையைப் பார்த்தார்.

"அப்ப வேறொண்ணும் இல்லையா ஆத்தா? இந்தாளு மட்டுந்தானா?"

"இவருதான் மதினி" என்றாள் என் தங்கை.

மதினி அவள் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி பெஞ்சில் போட்டுவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலோரத்து ஸ்டூலில் அவளை அழுத்தி உட்கார வைத்தார். "துடைச்சு விடு. காதுக்குள்ள எல்லாம் கேக்கு" என்றார்.

நாலு மணிக்கு மேல் பிரஷர் ஏறத் தொடங்கியது. ஐந்து மணிக்கு மாப்பிள்ளை கண் விழித்து, தன் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

செய்தி தெரிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பழமும் பிரெட்டுமாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு சாவுக்கு வருகிற நடையில் வந்தார்கள். மதினி வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையும் நேராக உள்ளே விடவில்லை.

"ஒண்ணுமில்ல. என் தம்பிக்கு மச்சான் இருக்காருல்ல, அந்தா நிக்கிறாரு பாருங்க, அவரு பண்ணுன வேல" என்று ஆரம்பித்தார்.

முதல் தடவை சொன்னபோது இரண்டு டம்ளர். மூன்றாவது தடவை செம்பு நிறைய. ஆறாவது தடவைக்குள் நான் மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியிருந்தேன், சாமியார் தடுத்தும் கேட்காமல். ஒவ்வொரு தடவையும் கேட்பவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். முதலில் நம்பாத பார்வை, பிறகு நம்புகிற பார்வை, பிறகு அந்தச் சிரிப்பு. உள்ளே ஸ்டூலில் என் தங்கையும் சிரிப்பாள். ஒரு தடவை மதினி எதையோ விட்டுவிட்டார். "அந்த பைக் சாவியச் சொல்லலையே மதினி" என்று உள்ளேயிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியாக வந்தவர்களில் மண்டபத்தில் பின்னாலிருந்து முணுமுணுத்த ஒரு அம்மாவும் இருந்தார். கதை முழுவதையும் கேட்டார். மனசு ஆறவில்லை போல. உள்ளே இருக்கிற என் தங்கையை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இருந்தாலும், அந்த ராசின்னு சொல்றாகளே..." என்று இழுத்தார்.

மதினி குரலைத் தாழ்த்தவில்லை. வராந்தா முழுக்கக் கேட்டது.

"என்ன ராசி? எங்கிட்டு ராசி? இந்தாளு ஒரு மடையன். அம்புட்டுத்தான். நம்பலைன்னா அவரையே கேளு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வார்டுக்குள்ளிருந்து என் தங்கையும் பார்த்தாள். நான் சுவரை விட்டு நகர்ந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வந்து நின்று, "ஆமாங்க, நான்தான்" என்றேன்.